பூட்டிய வீடுகள் இருபத்திமூன்று

“ஹலோ... ஹலோ... மதுரைங்களா?... ஆமா, ஆமா, டிரங்கால்தான். ஆவுடையான்பட்டி போஸ்ட் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்... அழகுசுந்தரம் சாரைக் கூப்பிடுங்க... சாப்புட்டுக்கிட்டு இருக்காரா? கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்கய்யா, அவசரம்... வீரலட்சுமின்னு சொல்லுங்க. ஆமா, அம்மை சர்வே வீரலட்சுமி.”

காலை பதினோரு மணிக்குப் பதிவு செய்த அழைப்பு. காரைக்குடி, மதுரை என்று ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சாக ஏறி இறங்கி, பிற்பகல் இரண்டரைக்குத்தான் கிடைத்தது. அதுவரை வீரலட்சுமி அந்தத் தபால் அலுவலகத்தின் ஒற்றை முக்காலியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். பக்குவமாக ஆரம்பிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். சம்சாரி வீட்டில் பிறந்து, படித்து, இருபத்தாறு வயதில் ஆறு பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருப்பவள். பெரியம்மையைப் பற்றி ஜனங்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற சர்வே அது. அதன் கேள்விகளைத் தயாரித்த பெரிய அதிகாரிதான் இப்போது மதுரையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“சார்... வணக்கம் சார்... நல்லாத்தான் இருக்கேன். சார், ஆவுடையான்பட்டி டேபிள் டைப் அடிச்சாச்சா?... ஓ... இன்னைக்கேவா... கலெக்டர் ஆபீஸ்ல நாலு மணிக்கா... சார், அதைக் கொண்டு போகாதீக சார்.”

பக்குவம் அதோடு போயிற்று.

“இல்ல சார், வெளையாடல... தெரியும் சார், தொண்ணூத்திரெண்டு சதவீதம் பேரு அம்மை குத்தியிருக்காகன்னு. நான்தானே எண்ணிக் குடுத்தேன்... கூட்டல்ல தப்பில்ல. கூட்டல் சரி. கூட்டுன வீடுகதான் தப்பு... பூட்டுன வீடு இருபத்திமூணு சார். நூத்தி இருபதுல இருபத்திமூணு... ஆமா, ஆமா, செட்டிநாடு, பூட்டித்தான் கெடக்கும், மொத நாளே சொன்னீக... பூட்டியிருந்தா அடுத்த வீட்டுல கேளுன்னு கையேட்டுலயும் போட்டிருக்கீக. அப்படித்தான் சார் செஞ்சோம். அச்சுப் பிசகாமச் செஞ்சோம். வெனையே அங்குட்டுத்தான் இருக்கு.”

மதுரையில் உட்கார்ந்திருப்பவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்தப் பக்கத்தில் தெருவுக்குப் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். சொந்தக்காரர்கள் பினாங்கிலும் கொழும்பிலும் சென்னையிலும் இருப்பார்கள். கல்யாணம் காட்சிக்குத்தான் கதவு திறக்கும். பூட்டு என்று எழுதி வந்த பாரத்தைப் பார்த்து இங்கே யாருக்கும் சந்தேகம் வராது. வீரலட்சுமிக்கே நேற்றுத்தான் உறைத்தது.

“செட்டியார் வீடா இருந்தா நான் ஏன் சார் டிரங்கால் போடப் போறேன்? ஏகப்பச் செட்டியார் வீடு நெசமாவே பூட்டு, தொறவுகோலு எங்க இருக்குன்னு காவக்காரனுக்கே தெரியல... அந்த மாதிரி ஒம்போதுதான். மிச்சம் பதினாலும் கீழத்தெரு. ஓட்டு வீடு, கூரை வீடு. ரெண்டு மாடும் அரைக் குறுக்கம் நெலமும் வச்சிருக்கிறவன் எங்க சார் பினாங்குக்குப் போறான்?... அதான், நேத்து ராத்திரி பாரத்தைத் தெருவாரியாப் பிரிச்சப்பதான் எனக்கும் தட்டுப்பட்டுச்சு. காலையில போயிப் பாத்தேன்... பதினாலு கதவுலயும் பூட்டே கெடையாது சார். எல்லா வீட்டு எறவாரத்துலயும் வேப்பங்குழை.”

மேசைக்கு அந்தப் பக்கம் தபால்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்த போஸ்ட் மாஸ்டர் கோட்டைச்சாமியின் கை நின்றது. வீரலட்சுமி அதைக் கவனிக்கவில்லை. ரிசீவரைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

குழை செருகிய வீடு என்றால் அம்மை கண்ட வீடு. ஊர் அதை நோய் என்று சொல்லாது. அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லும். வெளியாள் உள்ளே போகக் கூடாது, உள்ளாள் வெளியாளோடு பேசக் கூடாது, அந்த வீட்டிலிருந்து நெருப்புக்கூட வாங்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மாவை அனுப்பி வைக்கிற வரைக்கும் இதுதான் நடைமுறை.

“என்ன சார்?... திருவிழாவா... ஆமா, பங்குனிதான், மாரியம்மன் கோயில்ல காப்புக் கட்டித்தான் இருக்காக... அதுக்குன்னா தெருப் பூராத் தோரணம் கட்டுவாக சார். நாலாவது வீட்டுக்கு ஒண்ணு, ஏழாவது வீட்டுக்கு ஒண்ணுன்னு சொருக மாட்டாக... வாசப்படியில மஞ்சத்தண்ணிச் சட்டி இருக்கு. இன்னொண்ணு சொல்றேன், காலையில உலை வைக்கிற நேரத்துல அந்தப் பதினாலு வீட்டுலயும் தாளிக்கிற வாசம் இல்ல. ஒரே தெருவுல பதினாலு வீட்டுல கொழம்பு தாளிக்காம இருப்பாகளா?... வாசத்தை வச்சு டேபிள் போட முடியாதுதான். ஒத்துக்கிறேன் சார். வாசத்தை வச்சு டேபிள் போடச் சொல்லல.”

எரிச்சல் தலைக்கேறியது. ரிசீவரை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“கூப்பிட்டேன் சார், ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கூப்பிட்டேன். உள்ள வளையல் சத்தம் கேக்குது, ஆளு வரல... யாரு, அந்தத் தெருவை எழுதுன அம்மாக்கண்ணா? அவளை ஏன் சார் திட்டுறீக?... பொய் எழுதுனான்னா... சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க. ஆளு கெடைக்கலன்னா எழுதுறதுக்குப் பாரத்துல நாலு காரணம் அச்சடிச்சிருக்கோம். பூட்டு. வெளியூர். மறுப்பு. குடியிருப்பு இல்ல. அம்மா வந்துருக்குன்னு டிக் அடிக்க எடமே இல்ல. அந்தப் புள்ள என்ன செய்யும்? மறுப்புன்னு எழுதுனா அவுக மேல குத்தம் சொன்ன மாதிரி. ஆத்தா பேரைச் சர்க்கார் காகிதத்துல எழுதக் கை வரல. பூட்டுன்னு போட்டுட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா.”

“...ஆமா சார், கையேட்டுப்படிதான். அந்தப் பக்கத்து வீடு யாரு வீடு? அம்மா வராத வீடு. ஊசி குத்திக்கிட்ட வீடு. வாங்கம்மான்னு கூப்பிட்டு, ஒக்கார வச்சு, புசத்துத் தழும்பைக் காட்டுன வீடு. பதினாலு தடவை சார்! பதினாலு தடவையும் அம்மை இருக்கிற வீட்டை விட்டுட்டுத் தழும்பு இருக்கிற வீட்டை எழுதியிருக்கோம். அப்புறம் தொண்ணூத்திரெண்டு வராம என்ன செய்யும்? ‘இந்த ஊர்ல இப்ப யாருக்கும் பெரியம்மை உண்டா’ங்கிற கேள்விக்குச் சைபரு. உண்டுன்னு சொல்ல வேண்டிய வீட்டுலதான் நம்ம கேக்கவே இல்லயே... ஐயையோ, இல்லம்மா, வெட்டாதீக! எக்ஸ்சேஞ்சாம்மா? பேசிக்கிட்டு இருக்கோம். இன்னொரு மூணு நிமிஷம் போட்டுக்கங்க... ஆமா, ஆமா... சார்? இருக்கீகளா சார்?”

இருந்தார். இருந்தாலும் கேட்கிற மனநிலையில் இல்லை என்பது அவர் மூச்சு விட்டதிலேயே தெரிந்தது. அவர் கையில் இருந்த அட்டவணைக்கு ஒரு வேலை இருந்தது. எந்த ஊரில் குத்திக்கொண்டவர்கள் குறைவோ அங்கே வேன் போக வேண்டும். எங்கே அதிகமோ அந்த ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். பத்து அம்மை குத்துகிறவர்களோடு அந்த வேன் இப்போது காரைக்குடி பங்களாவில் நின்றது. நாலு மணிக் கூட்டத்தில் ஆவுடையான்பட்டியை அடித்துவிட்டால், இருட்டுவதற்குள் பரமக்குடிப் பக்கம் கிளம்பிவிடும்.

“வேனு சார், நான் கேக்குறது வேனு! பத்து மைல்ல நிக்குது. போச்சுன்னா ஆடியில தான் திரும்பி வரும். பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவுல இந்தப் பதினாலு எத்தனையா ஆகும்?... நாளைக்கு எழுதி அனுப்பினா என்ன சார் பிரயோசனம்?... மறுபார்வையா?”

அந்த வார்த்தைக்குத்தான் வீரலட்சுமி பயந்துகொண்டிருந்தாள். இது வரும் என்று காலையிலிருந்தே தெரியும். வராமல் போய்விடாதா என்று ஒரு நப்பாசை இருந்தது.

“ஆமா சார்... பத்துக்கு ஒண்ணு மேற்பார்வையாளர் திரும்பப் போயிப் பாக்கணும்... பாத்தோம்... பூட்டுல மூணு வீடு மறுபார்வை. பூட்டித்தான் இருந்துச்சு, சரின்னு கையெழுத்து இருக்கு... ஆமா, இருக்கு... யாரு கையெழுத்துன்னா...”

அவளைப் போல இன்னும் இரண்டு மேற்பார்வையாளர்கள் உண்டு. ஒருத்தர் கல்யாணமாகிப் போய்விட்டார். அவர் பேரைச் சொன்னால் யாரும் தேடிப் பிடித்துக் கேட்கப் போவதில்லை. ஒரு கணம் அந்தப் பேர் நாக்கு நுனிக்கே வந்தது. அதை நினைத்துப் பிறகு அவள் ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

“நான்தான் சார் போட்டேன்.”

“...ம்... ம்... போகாமப் போடல சார். போனேன். பதினாறு நாளைக்கு முன்னால. ரெண்டு வீடு நெசமாவே பூட்டு. மூணாவது, முப்பத்தொண்ணாம் நம்பர், அது வாசல் வரைக்கும் போயி நின்னேன். குழையைப் பாத்தேன். செருப்பைக் கழட்டிட்டு நின்னேன்... இல்ல, தட்டல. எங்க அண்ணன் மகளுக்கு வந்தப்ப எங்க வீட்டுலயும் இப்படித்தான் கட்டினாக. அந்த நெனப்பு வந்துச்சு. காலு முன்னுக்கு வரல சார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன்... ஆமா. படிச்சவதான். பெரியம்மை எதுனால வருதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் சொல்றவதான். தெரியுமா, நம்புறியா, செய்யுறியான்னு மூணு பகுதி போட்டிருக்கோமே, என்னயக் கேட்டா மொத ரெண்டுலயும் முழு மார்க்கு வாங்கிருவேன். மூணாவதுல பெயிலு.”

சொன்னதும் அழுகை முட்டியது. தாவணிப் பெண் இல்லையே அவள், மேற்பார்வையாளர். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எடுத்துருங்க சார். வேலைய விட்டு எடுத்துருங்க, ஏன்னு கேக்க மாட்டேன். எழுதியும் குடுக்குறேன். அந்தப் புள்ளைகள மட்டும் ஒண்ணும் செஞ்சிராதீக... சரி, அதுவும் அப்புறம் பேசிக்கிருவோம். வேனை நிறுத்துங்க... என்ன?... ஒரு கேசு போதுமா? நெசமா ஒண்ணு போதுமா?”

அவள் முகம் ஒரு நொடி தெளிந்தது. அடுத்த நொடியே வாடியது.

“பேரோட... வீட்டுக்காரக வாயாலயா?... சார், யாரு சார் வந்து சொல்லுவாக? சொன்னா ஆத்தாளைக் காட்டிக் குடுத்த மாதிரி. அதுபோக, சுகாதாரக்காரன் புள்ளையத் தூக்கிட்டுப் போயித் தனியாப் போட்டுருவான்னு பயம் வேற... இல்ல, நீங்க சொல்றதும் புரியுது. ஒரு கேசுகூட இல்லாம, வேப்பிலைய நம்பி கலெக்டர் முன்னாடி எப்படி நிப்பீக... புரியுது சார், புரியுது. சிரிப்பாகதான். ஆனா என் கையில வேற என்ன இருக்கு? நம்பர் இருக்கு. நம்பரை வாசிக்கிறேன், எழுதிக்கங்க. கெஞ்சிக் கேக்குறேன் சார், எழுதியாச்சும் வச்சுக்கங்க. கீழத்தெரு நாலு... ஏழு... பதினொண்ணு...”

கோட்டைச்சாமி எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். தபால் மூட்டை கட்டுகிற நேரம். முடித்துக்கொள் என்று சொல்லத்தான் வருகிறார் என்று வீரலட்சுமி நினைத்தாள். இடது கையால் ஒரு கும்பிடு போட்டாள்.

“ஒரு நிமிஷம்ணே, முடிச்சிர்றேன்... உங்களை இல்ல சார்... பதினெட்டு... இருவத்தாறு... முப்பத்தொண்ணு...”

அவர் விரல் டெலிபோன் பெட்டியின் கொக்கியில் வந்து உட்கார்ந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் மதுரை போய்விடும்.

“அண்ணே! வெட்டிராதீகண்ணே!”

விரல் அமுக்கவில்லை. எடுக்கவும் இல்லை. அங்கேயே இருந்தது. வீரலட்சுமி அப்போதுதான் அந்த மனிதரின் முகத்தை நேராகப் பார்த்தாள். மூன்றரை மணி நேரமாக எதிரே இருந்தவரை, போஸ்ட் மாஸ்டர் என்கிற அளவுக்குத்தான் பார்த்திருந்தாள். எண்ணெய் காணாத தலை. மழித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும் தாடி. உதடுகள் அசைந்தன, சொன்னது அவளுக்கே பாதிதான் கேட்டது.

“சார்... சார், அப்படியே இருங்க, வச்சிராதீக... என்னண்ணே சொன்னீக?... உங்க வீடா?... முப்பத்தொண்ணா?... யாருக்குண்ணே?... எத்தனை நாளா?”

பூட்டிய வீட்டுப் பாரத்தில் குடும்பத் தலைவர் பேர் எழுதக் கட்டம் கிடையாது. அதனால் முப்பத்தொன்று என்பது இதுவரை அவளுக்கு வெறும் நம்பர். அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் தினமும் காலையில் குளிக்காமல் வந்து, இந்த மேசையில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் கடிதம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் அம்மா வந்திருப்பது தெரிந்தால் ஒருத்தன் தபால் வாங்க வர மாட்டான். இலாகாவுக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்தாலும் கிழித்துவிடும். யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். அவருடைய விரலை இனிமேல் என்ன சொல்லி எடுக்கச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரே எடுத்தார்.

“சார்... கேசு இருக்கு. ஒரு கேசு இருக்கு சார், முப்பத்தொண்ணு. வீட்டுக்காரரே சொல்றாரு, இப்ப, என் எதுத்தாப்புல நின்னு... பேரு சொல்ல முடியாது சார்... இல்ல, சொல்லக் கூடாது. பாரத்துல மொத வரியே என்னன்னு அச்சடிச்சிருக்கோம்? சொல்றவுக பேரை வெளிய விட மாட்டோம்னு. நீங்க எழுதுன வரிதானே... பேரு இல்லாம நம்ப மாட்டீகளா... நான் ஏன் சார் இட்டுக்கட்டிச் சொல்லப் போறேன்? ஒரு தடவை பொய்க் கையெழுத்துப் போட்டா இனிமே பேசுறதெல்லாம் பொய்யா?... சார், மூணு ஆகப் போகுது... சார்... அப்படிச் சொல்லாதீக சார்...”

கோட்டைச்சாமி கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். வேணாம் என்றுதான் ஆட்டினாள். அவர் அவள் விரல்களிலிருந்து ரிசீவரை மெதுவாகப் பிரித்து வாங்கினார். பதினைந்து வருஷமாக ஊராருக்கு லைன் பிடித்துக் கொடுத்தவர், பேச வாயெடுத்தபோது தொண்டையை மூன்று தடவை செருமினார்.

“ஹலோ... சார், நான் போஸ்ட் மாஸ்டர் பேசுறேங்க... கோட்டைச்சாமி. எழுதிக்கங்க, கோட்டைச்சாமி... ஆமாங்க, என் வீடுதான்... பெரியவ, முத்தழகு. ஒம்போது வயசு... பெரியம்மைதாங்க, உள்ளங்கால் வரைக்கும் கெடக்கு, சின்னம்மை அப்படி வராது... ஆமாங்க, பொறுப்பாத்தான் சொல்றேன். இலாகாவுல கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்... நிறுத்திர்றீகளா?... சரிங்க... சரிங்க.”

வீரலட்சுமி முக்காலியில் பிடித்துவைத்தது போல் உட்கார்ந்திருந்தாள். நிறுத்திவிடுகிறார். நிறுத்திவிடுகிறார். அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

“நாளைக்குக் காலையிலயா?... வேணாங்க. இன்னைக்கே அனுப்புங்க, பொழுது இருக்கும்போதே... அவளுக்கு இல்லங்க, அவளுக்கு இனிக் குத்தி என்ன... இந்தப் பொண்ணு வந்து வாசல்ல நின்னப்ப அவ ஒருத்திக்குத்தாங்க இருந்துச்சு. நான் சன்னல் வழியாப் பாத்தேன். தட்டுனா சொல்லிருவோமான்னு நெனச்சேன். தட்டலங்க... முந்தா நாள்ல இருந்து ரெண்டாவது பயலுக்கும் போட்டுருச்சு... ஆமாங்க. இன்னும் ஒருத்தன் இருக்கான், கைப்புள்ள. அவனுக்கு இன்னும் உடம்பு சுடல... எங்குட்டுங்க தனியாப் படுக்க வைக்க, இருக்கிறது ஒத்த அறை... ஆமாங்க. அவுக ரெண்டு பேருக்கும் நடுவுலதான் படுத்திருக்கான்... ஹலோ... ஹலோ...”

கேட்டு வாங்கிய மூன்று நிமிஷமும் முடிந்திருந்தது. எக்ஸ்சேஞ்ச் லைனை வெட்டிவிட்டது.